பாட்டு முடியும் வரை நின்ற வண்டி

செய்தி வந்தபோது நான் வந்தவாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். மேளம் உச்சத்தில் இருந்ததால் தொலைபேசியில் ஜோசப் அண்ணன் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் ஓடி, அண்டாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு, திரும்பச் சொல்லச் சொன்னேன். “நம்ம வேணி அக்கா இறந்துட்டாங்கம்மா. கார்லயே. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்துல” என்றார். விபத்தா என்று கேட்டேன். “இல்லம்மா, வண்டியில ஒரு கீறல் கிடையாது. ஓரமா ஒழுங்கா நிக்கி. பாட்டு ஓடிட்டுக் கெடந்துச்சாம்” என்றார். ஒரு கீறல்கூட இல்லாமல் ஒழுங்காக ஓரங்கட்டிய வண்டியில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் எப்படி இறந்துபோக முடியும்? ஏதோ அவர்தான் இதைச் செய்துவிட்டதுபோல ஜோசப் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அதற்குள் பந்தியில் இலை போட்டாயிற்று என்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேணி மேடத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கம்பெனியில் நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தகராறு. ‘இருக்கிறார்’ என்று எழுதி அடித்து, ‘இருந்தார்’ என்று எழுதி அதையும் அடித்தேன். அழுகையான விஷயம் என்று ஆரம்பித்தால் பாதியில் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆகவே எனக்கு எது எப்போது நினைவுக்கு வருகிறதோ அதை எழுதுகிறேன். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவருக்கு உம்மென்று இருப்பவர்களைக் கண்டால் ஆகாது.

வெளியாட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, கார்களுக்கு டேஷ்போர்டு வார்த்துக் கொடுக்கும் எங்கள் தொழிற்சாலையில் கமலவேணி தரப் பிரிவின் தலைவர். அதே பிரிவில் நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். ஜோசப் அண்ணன் ஸ்டோர்ஸில் இருந்தார். மூன்று பேருக்கும் வீடு படப்பையில். ஆகவே காலையும் மாலையும் வேணி மேடத்தின் கறுப்புக் காரில்தான் பயணம். கேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அவர் ‘மேடம்’, இந்தப் பக்கம் வந்தால் ‘அக்கா’. இதை அவரே சட்டமாக வைத்திருந்தார். ஒருநாள் காருக்குள் நான் வாய்தவறி மேடம் என்றுவிட்டேன். “உள்ள திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும், அதுக்கு மேடம். வெளியில எதுக்குடி அவள இழுத்துட்டு வர்றே?” என்றார்.

அந்தக் காரில் ஏறிய யாருக்கும் சிடிக்கள் மறந்திருக்காது. கதவுப் பைகளில், இருக்கைக்கு அடியில், வெயில் மறைப்பில் செருகிய உறையில் என்று எங்கு கை வைத்தாலும் சிடி. கடையில் வாங்கியவை கொஞ்சம். மீதி எல்லாம் தாம்பரத்தில் ஒரு கடையில் அவர் சொல்லிச் சொல்லிப் பதிந்து வாங்கியவை. அவற்றின் மேல் மார்க்கர் பேனாவால் ‘மழை’, ‘கோபம்’, ‘மாமியார் ஊருக்கு’ என்றெல்லாம் எழுதியிருப்பார். ‘கோபம்’ என்று எழுதிய சிடியில் எல்லாமே தாலாட்டுப் பாடல்கள். ஏன் என்று கேட்டதற்கு, “கோவம் வந்தா போடறதுக்குடி, கோவப்படறதுக்கா?” என்றார்.

ஒரே ஒரு விதி உண்டு. ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. “பேசிட்டு இருக்கறவங்க வாயப் பொத்துவியா? அதேதான் இதுவும்” என்பார். கம்பெனி கேட் வந்தபிறகும் பாட்டு முடியாவிட்டால், சுவரோரம் டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டுவார். கடைசி வயலினும் ஓய்ந்த பிறகுதான் வண்டி உள்ளே போகும். எங்களுக்கோ நேரத்துக்குள் வருகைக்குப் பஞ்ச் வைக்கிற கவலை. நானும் ஜோசப் அண்ணனும் இறங்கி ஓடிய நாட்களும் உண்டு. அக்கா ஓடியதே இல்லை. ஒருநாள் பிளாண்ட் மேனேஜரே கேட்டில் நின்றுகொண்டு ஏன் தாமதம் என்று கேட்டார். “பாட்டு முடியல சார்” என்றார் வேணி மேடம். அவ்வளவுதான். லாரி மறித்தது, டயர் பஞ்சர், வீட்டில் காய்ச்சல் என்று என்ன பொய் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் திட்டியிருப்பார். இதற்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஏழுமலைக்கு அன்று சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிலிருந்து கறுப்பு வண்டி ஓரங்கட்டினால் கேட்டில் நிற்கிறவர்கள், “அக்கா பாட்டு கேக்குறாங்க” என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டின் நடுப்பகுதியில் சிடி போவதற்கு ஒரு வாய் இருக்குமே, அது எங்கள் பிரிவின் எமன். வார்த்து எடுக்கும்போது அந்த வாயின் ஓரத்தில் பிளாஸ்டிக் ஏடு படிந்துவிடும். ஒவ்வொன்றையும் கத்தியால் சீவ வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் பீஸ் குப்பைக்கு. அளவு பார்க்க முறைப்படி ஒரு தகடு கொடுத்திருந்தார்கள். வேணி மேடம் அதோடு நிற்கமாட்டார். தன் சேகரிப்பிலிருந்து ஒரு நிஜ சிடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். ஐயம் வந்தால் அதை எடுத்து வாயில் விட்டுப் பார்ப்பார். உரசாமல் போனால்தான் பாஸ். அந்த சிடியில் இனி கீறல் விழ இடமில்லை என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. “நல்ல பாட்டுடி அதுல. கம்பெனிக்காகக் காவு குடுத்துட்டேன்” என்பார்.

பிறகு ஒருநாள் புது மாடலுக்கான வரைபடம் வந்தது. அதில் அந்த வாயே இல்லை. நடுவில் பெரிய திரை, சுற்றிலும் வழவழவென்று சமதளம். சீவல் இல்லை, குப்பை இல்லை. எங்கள் பிரிவே கொண்டாடியது. வேணி மேடம் தன் செலவில் லட்டு வரவழைத்தார். லைனில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். “இனிமே அந்தச் சனியன் புடிச்ச வாய் கெடையாது” என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் இரண்டு லட்டு தின்றேன்.

கறுப்புக் கார் வயதாகி, ஒவ்வொரு மழைக்கும் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்ததும், அவர் புதுக் கார் வாங்கினார். வெள்ளை நிறம். அந்த முதல் காலை, நானும் ஜோசப் அண்ணனும் ஏறி உட்கார்ந்து புது வாசனையைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். வேணி அக்கா பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, பார்க்காமலே வழக்கமான இடத்துக்குக் கொண்டுபோனார். சிடி பலகையில் முட்டி வழுக்கியது. கொஞ்சம் மேலே வைத்தார். வழுக்கியது. கீழே வைத்தார். வண்டியை நிறுத்திவிட்டு, விரலால் அந்த இடம் முழுக்கத் தடவினார். தினமும் ஆயிரம் பீஸ்களில் அவர் குறை தேடிய அதே தடவல். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஏதோ கதவைத் திறந்தால் வீடே இல்லாததுபோல விழித்தார். அது எங்கள் பிளாண்ட்டிலேயே வார்த்த பலகை. எங்கள் பிரிவே பாஸ் செய்தது. வாய் இல்லாததற்கு லட்டு கொடுத்தவரே அந்த வாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இத நாமல்லா அடைச்சோம்” என்றார் ஜோசப் அண்ணன், மெதுவாக. ஜோசப் அண்ணன் திருநெல்வேலிக்காரர். எவ்வளவு பெரிய துக்கத்தையும் சந்தேகம் கேட்பதுபோலத்தான் சொல்வார். பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். “வாங்கும்போது எல்லாம் பாத்தேன்டி. பெயிண்ட் பாத்தேன், கதவு இடுக்கு பாத்தேன், டயர் பாத்தேன். இத மட்டும் பாக்கல. இது எங்க போயிடப் போவுதுன்னு இருந்துட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு போர் என்றே சொல்ல வேண்டும். ஷோரூம் பையன் போனில் பாட்டுக் கேட்டுக்கொள்ளச் சொன்னான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேறு வேலை இருப்பதுபோல உள்ளே ஓடினான். கம்ப்யூட்டருக்கு மாட்டும் சிடி டிரைவ் ஒன்றை வாங்கிவந்து காரில் செருகினார். திரையில் ‘இந்தச் சாதனம் ஏற்கப்படாது’ என்ற பொருளில் ஏதோ இங்கிலீஷில் வந்தது. “என் காரு என்னை ஏத்துக்க மாட்டேங்குது பாரு” என்றார். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லா சிடிக்களையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதுதான் உச்சம். தாம்பரம் கடைக்காரர் எந்தப் பாட்டுக்கும் பேர் வைத்ததில்லை. எல்லா சிடியிலும் முதல் பாட்டு ‘டிராக் ஒன்று’, இரண்டாவது ‘டிராக் இரண்டு’. வண்டி அவற்றை எண் வரிசையில் அடுக்கிவிட்டது. ஆகவே முதலில் எல்லா சிடிக்களின் முதல் பாட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ‘மழை’யின் முதல் பாட்டுக்குப் பின்னால் ‘மாமியார் ஊருக்கு’ முதல் பாட்டு, அதற்குப் பின்னால் பக்தி, அதற்குப் பின்னால் குத்து. எல்லாமே ஆரம்பங்கள். சேரப்பணஞ்சேரி தாண்டும்போது அக்கா அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். “அடுத்து எது வரும்னு தெரியிறதுதான்டி சுகம். இது என்னமோ இண்டர்வியூ மாதிரி ஒவ்வொருத்தரா உள்ள வராங்க” என்றார்.

கடைசியில் புளூடூத்தில் இணைகிற ஒரு சின்ன சிடி பிளேயரை எங்கிருந்தோ பிடித்தார். மூடி திறந்து சிடியை வைத்தால் காரின் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. வந்தது என்றால், வண்டி நிற்கும்போது வந்தது. ஓடும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் குதித்தது. ஒரே வார்த்தையை நாலு தரம் பாடும், அல்லது பாதிப் பாட்டை விழுங்கிவிடும். வழி கண்டுபிடித்தவரும் அவரே. முன்சீட்டில் உட்காரும் நான் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளம் வருமுன் இரு கையாலும் சற்றே தூக்கிக்கொள்ள வேண்டும். “தேனு, பள்ளம்!” என்பார். நான் தூக்குவேன். பாட்டு குதிக்காது. நான் தர ஆய்வில் டிப்ளமா படித்தவள், ஐயா. தினமும் காலையில் ஒரு சிடி பிளேயருக்கு ஸ்பிரிங்காக வேலை பார்த்தேன். சலித்துக்கொண்டேதான் செய்தேன். அவர் போன பிறகு சில நாள், அந்த எடை மடியில் இல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்தது என்னவோபோல் இருந்தது.

ஜோசப் அண்ணன் வேறு கம்பெனிக்கு மாறிப்போனார். நான் கல்யாணத்துக்காக லீவில் போனேன். அந்த வாரம் அக்கா தனியாகத்தான் போனார். பிளேயரை முன்சீட்டில் துண்டு விரித்து வைத்து, சீட் பெல்ட்டைச் சுற்றி மாட்டியிருந்தாராம். வண்டியைத் திறந்தவர்கள் சொன்னார்கள்.

முதலில் திறந்தவர் ஏழுமலை. நான் வந்தவாசியிலிருந்து ஓடிவந்தபோது வேணி அக்கா வீட்டு வாசலில் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் மேடம் மொதல்ல பாத்தேன். வண்டி வந்து ஓரங்கட்டிச்சு. அக்கா பாட்டு கேட்டுக்கினு கீறாங்கன்னு வுட்டுட்டேன். டெய்லி நிக்கிறதுதானே? ஒரு லாரிய உள்ள வுட்டேன். இன்னொரு லாரிய வுட்டேன். அப்பவும் நின்னுகினே கீது. இன்னாடா, இன்னைக்குப் பாட்டு இவ்ளோ நீட்டாப் பூடுச்சேன்னு நெனச்சுக்கினேன். போய்ப் பாத்தா அக்கா கண்ண மூடிக்கினு சாஞ்சிருக்காங்க. பாட்டு பாடிக்கினு இருக்குது. ரசிக்கிறாங்கன்னு அப்பவும் ஒரு நிமிசம் நின்னேன் மேடம். கதவத் தட்டாம நின்னேன்.” சொல்லி முடித்தும் என் கையை விடவே இல்லை. வேறு யாருடைய வண்டி அங்கே நின்றிருந்தாலும் கேட்டில் இருந்தவர்கள் ஓடிப்போய்ப் பார்த்திருப்பார்கள். அவருடையது என்பதால் யாரும் போகவில்லை. அவரை நன்றாகத் தெரிந்ததுதான் குறுக்கே நின்றது.

மறுநாள் அக்காவின் கணவர் பாஸ்கரன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். வீடுகளுக்கு ஒயரிங் வேலை எடுத்துச் செய்பவர். அதிகம் பேசாதவர். “தேனு, நீதான் கூடவே போயிட்டு வந்தே. உனக்குத்தான் தெரியும். அவ வலி வந்து நின்னாளா, பாட்டுக்காக நின்னாளா?” என்று கேட்டார். அவரே தொடர்ந்தார். “டாக்டர கேட்டேன். ஹார்ட் அட்டாக்காம். ஒரு நொடியில போயிருக்கலாம், கொஞ்ச நேரம் வலிச்சும் இருக்கலாம்கறார். போன் பக்கத்துலயேதான் இருந்துச்சு. எனக்குப் பண்ணல. நான் ஏணி மேல இருந்தா எடுக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். வலி வந்து, இவன் எங்க எடுக்கப் போறான்னு பண்ணாம விட்டாளா? இல்ல, வலியே தெரியாம பாட்டு கேட்டுட்டு இருந்தாளா? இது தெரியாம என்னால தூங்க முடியல.” கூடத்தில் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வலி இல்லாமல் யாராவது ஓரங்கட்டுவார்களா என்றார் ஒரு சித்தப்பா. வலி வந்தவர் எப்படி இவ்வளவு ஒழுங்காக நிறுத்துவார் என்றார் எதிர்வீட்டுக்காரர். இரண்டும் எனக்குச் சரியென்றே பட்டது. குழப்பத்தில் நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

காரியம் முடிந்தபிறகு பாஸ்கரன் அண்ணனே ஒரு வழி சொன்னார். அன்று பிளேயரில் இருந்தது ‘மழை’. ஏழுமலை அதை நிறுத்தினாரே தவிர மூடியைத் திறக்கவில்லை. அதே சிடியை வீட்டிலிருந்து முதல் பாட்டில் தொடங்கி, அதே நேரத்தில், அதே வழியில் போய்ப் பார்ப்பது. அந்த இடத்துக்குப் போகும்போது பாட்டு நடுவில் இருந்தால் பாட்டுக்காக நின்றாள், இல்லாவிட்டால் இல்லை என்றார். ஒயரிங் வேலைக்காரருக்கு எதையும் சோதித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த சிக்னலில் அவர் நின்றார், எந்தப் பாட்டில் தொடங்கினார், யாருக்குத் தெரியும்? ஆனாலும் சரி என்றேன். வழக்கம்போல முன்சீட்டில் ஏறி, துண்டைச் சுற்றிப் பிளேயரை மடியில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். “வேணாம்மா. அன்னைக்கு மடி இல்ல. சீட்டுலயே இருக்கட்டும்.” அவரே துண்டை விரித்து அதை வைத்து பெல்ட்டை மாட்டினார். நான் பின்சீட்டுக்குப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படப்பை கடைத்தெரு தாண்டியதுமே பிளேயர் தன் குணத்தைக் காட்டியது. சேரப்பணஞ்சேரி வேகத்தடையில் ஒரு பாட்டு பாதியில் தாவி அடுத்ததற்குப் போனது. அப்போதே கணக்கு கெட்டுவிட்டது. அண்ணனுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒரகடம் சந்திப்பில் வலப்புறம் திரும்பினோம். அதற்கப்புறம் ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டெய்னர் லாரிகள் ஏறி ஏறித் தார் அலையலையாகக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பாட்டு ஆரம்பித்தது. புல்லாங்குழல், அப்புறம் ஒரு பெண்குரல். அக்காவுக்கு மிகவும் பிடித்தது. முதல் வரி வந்தது. தட். மறுபடி முதல் வரி. தட். மறுபடி அதே வரியின் பாதி. அந்தக் குரல் எதையோ சொல்லத் தவிப்பதும் வண்டி அதன் வாயைப் பொத்துவதுமாக இருந்தது. கேட்கச் சகிக்கவில்லை. “சே!” என்றார் அண்ணன். இண்டிகேட்டர் போட்டார். இடப்புறம் ஒதுங்கி, ஓரமாக, ஒழுங்காக நிறுத்தினார். பாட்டு ஒருமுறை விக்கி, நேரானது. அப்புறம் தங்குதடையில்லாமல் ஓடியது.

நான் வெளியே பார்த்தேன். கம்பெனிச் சுவர். டிரான்ஸ்பார்மரைச் சற்றே தாண்டி நிற்கிறோம். இடம் வந்ததும் சொல்கிறேன் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அந்த இடம் தெரியாது. அன்று அவர் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். “அண்ணே” என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் யாரோ ஓடிவரும் சத்தம். கேட்டிலிருந்து ஏழுமலை ஓடிவந்தார். தொப்பி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல், ரோட்டில் வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்திவிட்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் கண்ணாடியை இரு கையாலும் படபடவென்று தட்டினார். அதே வெள்ளைக் கார், அதே இடம். அண்ணன் கண்ணாடியை இறக்கினார். ஏழுமலை உள்ளே பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. “இந்தத் தபா ஓடியாந்துட்டேன் சார்” என்றார். சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பாஸ்கரன் அண்ணன் இறங்கிப்போய் அவர் தோளில் கை வைத்தார். “ஒண்ணும் இல்லப்பா. பாட்டுதான் கேட்டுட்டு இருக்கோம். உள்ள வந்து உட்காரு. முடியட்டும்.” ஏழுமலை பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டோம்.

முடிந்ததும் அண்ணன் பிளேயரை நிறுத்தினார். “அப்போ அக்கா பாட்டுக்குத்தான் நின்னாங்களா சார்?” என்று கேட்டார் ஏழுமலை. அந்தக் கேள்வியில் அவருடைய உயிரே இருந்தது. ஆமாம் என்று அண்ணன் சொல்லிவிட மாட்டாரா என்று நான் தவித்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “தெரியலப்பா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா ஒண்ணு. ஓடுற வண்டியில இந்தப் பாட்ட கேக்க முடியல. நான் எதையும் யோசிக்கல, கையே நிறுத்திடுச்சு. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நின்னதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு அவளுக்குத்தான் தெரியும். அவ வாயையும் நாம பொத்த வேணாம்” என்றார். அது அக்காவின் வார்த்தை. இத்தனை வருஷம் எங்களைத்தான் அவர் அதைச் சொல்லித் திட்டினார் என்று நினைத்திருந்தேன்.

வலியா, பாட்டா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். அந்த எண்ணம் ஆறுதலா துக்கமா என்றும் தெரியாது. இவ்வளவு எழுதியும் குழப்பம் தீரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மேசையில் இருந்த அந்தக் கீறல் விழுந்த சிடி ஜோசப் அண்ணனிடம் போயிற்று. பிளேயரையும் ‘மழை’யையும் பாஸ்கரன் அண்ணன் எனக்குக் கொடுத்தார். கம்பெனி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வருகிறேன். “தேனு, பள்ளம்!” என்று யாரும் சொல்லாமலே கை தூக்கிக்கொள்கிறது. பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

கேட்டில் இறங்கும்போது பாட்டு மிச்சம் இருந்தால், டிரான்ஸ்பார்மரைத் தாண்டி நின்று கேட்டு முடிக்கிறேன். லேட் பஞ்ச் விழுகிறது, விழட்டும். நான் நின்ற உடனே ஏழுமலை கேட்டை விட்டு வருவார். எத்தனை லாரி ஹாரன் அடித்தாலும் சரி, முதலில் என்னிடம்தான் வருவார். என் கண் திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

“பாட்டுதானே மேடம்?”

“பாட்டுதான் அண்ணே.”

அதற்கப்புறம்தான் போய் லாரிகளை உள்ளே விடுவார்.